பழைய படம் டிஸ்க்கில் எப்போது வரும்? ஊகிக்கத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

பழைய படங்களை ப்ளூரேயிலோ அதைவிடக் கூர்மையான 4கே டிஸ்க்கிலோ சேர்க்கத் தொடங்கிய எவரும் கொஞ்ச நாளில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். கிடைக்கிற பழைய டிவிடியை இப்போதே வாங்கிவிடலாமா, நல்ல பதிப்பு வரும்வரை பொறுத்திருக்கலாமா? சேகரிப்பாளர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும். எந்த நிறுவனம் எந்தப் படத்தை எப்போது வெளியிடும் என்று அடித்துச் சொல்பவர்களைப் பார்த்துப் புதியவர்கள் மலைத்துப்போகிறார்கள். மலைக்க ஒன்றுமில்லை. அவர்கள் சில இடங்களைத் தவறாமல் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். "இவ்வளவு பெரிய படம், வராமலா போகும்?" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒரு படத்தின் பெருமைக்கும் அது டிஸ்க்கில் வருவதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிடக் குறைவு. உரிமை யார் கையில், பிலிம் எந்த நிலையில், பிலிமை டிஜிட்டலாக மாற்றும் ஸ்கேன் செலவை ஏற்றது யார் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். நாள், மாதமெல்லாம் அப்புறம்.

படி 1: பட்டியலைப் பிரித்து எழுதுங்கள்

காத்திருக்கும் படங்களை எழுதி, ஒவ்வொன்றும் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். எந்த வடிவிலும் வராதது ஒரு வகை. பழைய டிவிடி மட்டும் இருப்பது இன்னொன்று. ப்ளூரே வந்து விற்பனை நின்றுபோனது மூன்றாவது. ப்ளூரே தாராளமாகக் கிடைக்கிறது, 4கேதான் இல்லை என்பது நாலாவது. நாலாவது வகையைப் பற்றித்தான் பேச்சு அதிகம் நடக்கும், ஆனால் அதில் அவசரமே இல்லை. கையைச் சுடுவது மூன்றாவது வகை.

படி 2: உரிமை யாரிடம் என்று கண்டுபிடியுங்கள்

படத்தின் தொடக்கத்தில் வரும் நிறுவனச் சின்னத்தை நம்ப வேண்டாம். 1944இல் வந்த ‘டபுள் இண்டெம்னிட்டி’ பாரமவுண்ட் எடுத்த படம். ஆனால் 1950க்கு முந்தைய தன் பேசும் படங்களில் சுமார் 700ஐ பாரமவுண்ட் 1958இல் எம்சிஏ நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. எம்சிஏ பின்னர் யுனிவர்சலைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆகவே இந்தப் படத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டியது யுனிவர்சலின் நடமாட்டத்தை. 2022இல், தேர்ந்த படங்களை டிஸ்க்கில் வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் இதை 4கேயில் கொண்டுவந்தபோது பாரமவுண்டின் அறிவிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எதிர்பாராத செய்தி.

எம்ஜிஎம் விஷயம் இன்னும் குழப்பம். 2022இல் அமேசான் எம்ஜிஎம்மை வாங்கியது. அதனால் தொடக்கத்தில் எம்ஜிஎம் சின்னமான சிங்கம் கர்ஜிக்கிற படமெல்லாம் அமேசானிடம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அமெரிக்கத் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னர் 1986இல் எம்ஜிஎம்மை வாங்கி, கொஞ்ச காலத்திலேயே நிறுவனத்தை விற்றபோது, அதுவரை எடுக்கப்பட்ட படங்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்தச் சொத்து கடைசியில் வார்னரிடம் போய்ச் சேர்ந்தது. ‘சிங்கின் இன் தி ரெயின்’ 4கே டிஸ்க் வார்னர் வெளியீடாக வந்தது இதனால்தான். உரிமை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் வெளியீட்டு வேகமும் மாறும். டிஸ்னி 2019இல் ஃபாக்ஸை வாங்கிய பிறகு ஃபாக்ஸின் பழைய படங்கள் டிஸ்க்கில் வருவது மெலிந்துபோனது என்பது சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்லும் குறை.

இதோடு இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். உரிமை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் ஒருவர், பிரிட்டனில் ஒருவர், ஜப்பானில் ஒருவர் என்று ஒரே படம் மூன்று கைகளில் இருக்கலாம். அடுத்து, சிறிய லேபிள்கள், அதாவது டிஸ்க் வெளியிடும் நிறுவனங்கள், பெரும்பாலும் படத்தைச் சொந்தமாக வைத்திருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு உரிமம் எடுக்கிறார்கள், காலம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்டுடியோகனால் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து எடுத்த பல படங்களின் உரிமத்தை கிரைட்டீரியன் 2010இல் ஒரேயடியாக இழந்தது. ‘தி தர்ட் மேன்’ ப்ளூரே வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நிலையில் விற்பனையிலிருந்து போனது. குரோசவாவின் ‘ரான்’ ப்ளூரேயாக வரும் என்று அறிவித்தே விட்டார்கள், அதுவும் ரத்தானது. போனது போனதுதான் என்றும் சொல்ல முடியாது. அப்படி விற்பனை நின்ற ‘பீப்பிங் டாம்’ 2024இல் அதே கிரைட்டீரியனில் 4கேயாகத் திரும்பி வந்தது.

சரி, இன்று உரிமை யாரிடம் என்பதை எங்கே பார்ப்பது? ஸ்ட்ரீமிங்கில் படம் ஓடத் தொடங்கும் முன் வரும் முதல் சின்னத்தைப் பாருங்கள். அது படத்தோடு பிறந்த சின்னமாக இருக்காது, இப்போதைய விநியோகஸ்தருடையதாக இருக்கும். சமீபத்தில் திரையரங்கில் மறுவெளியீடு ஆகியிருந்தால் போஸ்டரின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். அமெரிக்காவில் விநியோக நிறுவனமான ஜானஸ் ஃபிலிம்ஸ் பெயர் இருந்தால் டிஸ்க் அநேகமாக கிரைட்டீரியனில்தான் வரும். இரண்டும் நெடுங்காலமாக ஒரே குடும்பம்.

படத்தின் உரிமை தெளிவாக இருந்தும் பாட்டின் உரிமை வழி மறிக்கலாம். சார்லஸ் பர்னெட் 1970களில் மாணவராக இருந்தபோது எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தின் இசைத்தட்டுப் பாடல்களுக்கு அனுமதி வாங்க முடியாமல், 2007வரை அது முறையாகத் திரையரங்குக்கே வரவில்லை. பழைய ஹிட் பாடல்கள் நிறைந்த படம் உங்கள் பட்டியலில் இருந்தால் கூடுதலாகச் சில ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவுடைமை ஆன படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒரு படம் வெளியாகி 95 ஆண்டு முடிந்தால் காப்புரிமை போய்விடும். காப்புரிமை அறிவிப்பை முறையாகப் போடாததால் முன்னதாகவே பொதுவுடைமை ஆனவையும் உண்டு. 1963இல் வந்த ‘ஷராட்’ அப்படித்தான். இதனால் யார் வேண்டுமானாலும் டிஸ்க் போடலாம், போடவும் செய்கிறார்கள். கண்றாவியான பிரதிகள் குவிகின்றன. நல்ல பிலிம் யாரிடம் இருக்கிறதோ அவர் மனம் வைத்தால்தான் நல்ல டிஸ்க் வரும்.

படி 3: பிலிம் எங்கே, எந்த நிலையில்?

தரத்தில் முதலிடம் மூல கேமரா நெகட்டிவுக்கு. அதிலிருந்து நேரடியாக எடுத்த பாசிட்டிவ் அடுத்தது. அதிலிருந்து எடுத்த நகல் நெகட்டிவ் அதற்கும் கீழே. திரையரங்கில் ஓடிய பிரின்ட் கடைசி. ஒவ்வொரு படி இறங்கும்போதும் கூர்மை குறையும், நிழல் பகுதிகள் அடைத்துப்போகும். மூல நெகட்டிவ் இல்லாத படத்துக்கு 4கே வராது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். ‘செவன் சாமுராய்’ படத்தின் மூல நெகட்டிவ் எப்போதோ போய்விட்டது. இருந்தும் ஜப்பானின் டோஹோ நிறுவனம் அடுத்த தலைமுறை பிலிமை வைத்து 4கே மீட்டெடுப்பு செய்தது, அதாவது பிலிமை ஸ்கேன் செய்து பழுதுகளை நீக்கியது. 2024இல் அது பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் கிரைட்டீரியனும் பிரிட்டனில் பிஎஃப்ஐ என்ற பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் டிஸ்க் போட்டன.

பிலிமின் பயணம் எவ்வளவு விசித்திரமாக இருக்கும் என்பதற்கு ரெனுவாரின் ‘கிராண்ட் இல்யூஷன்’ படத்தைப் பாருங்கள். 1937இல் எடுத்தது. பாரிஸை ஆக்கிரமித்த ஜெர்மானியர்கள் நெகட்டிவை பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் சோவியத் படை அதை மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. பிறகு ஆவணக் காப்பகங்களுக்கு இடையே நடந்த பரிமாற்றத்தில் அது பிரான்சின் துலூஸ் நகருக்குத் திரும்பியது. ஆனால் அங்கே இருப்பது மூல நெகட்டிவ்தான் என்பது 1990களில்தான் தெரிந்தது. அதற்கு முன்பே ரெனுவார் இறந்துபோயிருந்தார். கிரைட்டீரியன் 1998இல் டிவிடி போடத் தொடங்கியபோது, தன் வெளியீடுகளுக்குக் கொடுக்கும் வரிசை எண்களில் முதல் எண்ணை இந்தப் படத்துக்குத்தான் ஒதுக்கியிருந்தது. ஆனால் இன்னும் நல்ல பிலிம் கிடைத்ததால் வெளியீட்டை நிறுத்தி வைத்தார்கள். இரண்டாம், மூன்றாம் எண்கள் கடைக்கு வந்துவிட்டன, முதல் எண் 1999இல்தான் வந்தது. தள்ளிப்போகிறது என்ற செய்தி வந்ததும் படம் கைவிடப்பட்டது என்று புலம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் கதையைச் சொல்வேன். இதே முதல் எண்ணும் பிறகு ஸ்டுடியோகனால் உரிமத்தோடு போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

தொலைந்த படங்களுக்காகக் காத்திருப்பது வேறு கணக்கு. லான் சேனி நடித்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ படத்தின் கடைசிப் பிரதி 1960களில் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் அழிந்தது. அதைப் பட்டியலில் வைக்கலாம், தேதி போடாதீர்கள். அதற்காக நம்பிக்கையை அடியோடு விடவும் வேண்டாம். ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் காணாமல்போன காட்சிகள் 2008இல் புவெனஸ் அய்ரெஸ் அருங்காட்சியகத்தில் 16 எம்எம் பிரதியில் கிடைத்தன. 2010 பிப்ரவரியில் பெர்லினில் திரையிட்டார்கள், அதே ஆண்டு நவம்பரில் டிஸ்க் வந்துவிட்டது.

படி 4: மீட்டெடுப்பு அட்டையைப் படியுங்கள்

என்னைக் கேட்டால், புதியவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். மீட்டெடுத்த படம் தொடங்கும் முன்னோ முடிந்த பிறகோ கறுப்புத் திரையில் சில வரிகள் வரும். எல்லோரும் தாண்டிவிடுவார்கள். நீங்கள் நிறுத்திப் படியுங்கள். எந்த பிலிமிலிருந்து, எத்தனை கேயில் ஸ்கேன் செய்தார்கள் என்பது முதல் வரி. 4கேயில் ஸ்கேன் செய்து, கூர்மை குறைந்த 2கேயில் வேலையை முடித்திருந்தால், 4கே டிஸ்க் வரும் வாய்ப்பு குறைவு. அடுத்து எந்த ஆய்வகம் என்று இருக்கும். இத்தாலியின் பொலோஞ்ஞா நகரிலுள்ள லிம்மாஜினே ரிட்ரொவாட்டா பெயரை அடிக்கடி பார்ப்பீர்கள். மூன்றாவது வரியில் நிதி கொடுத்தவர்கள். பிரெஞ்சுப் படத்தில் சிஎன்சி என்ற அரசு அமைப்பின் பெயர் இருக்கும். மார்ட்டின் ஸ்கோர்செசி 1990இல் தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷன் பெயரும் வரலாம். கடைசியில் ‘உடன் இணைந்து’ என்று வரும் நிறுவனம் பெரும்பாலும் உரிமையாளராக இருக்கும். இந்த நான்கு வரிகளைக் குறித்து வைத்துக்கொண்டால் முந்தைய இரண்டு படிகளின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஃபிலிம் ஃபவுண்டேஷனின் உலக சினிமாத் திட்டத்தில் மீட்டெடுத்த படமா? அமெரிக்க டிஸ்க் பெரும்பாலும் கிரைட்டீரியனின் பாக்ஸ் செட்டில் வரும். அந்த வரிசை 2013இலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

படி 5: திருவிழா நாட்காட்டியை வைத்துக் காலத்தைக் கணியுங்கள்

புது மீட்டெடுப்புகள் மே மாதம் கான் கிளாசிக்ஸ் பிரிவில் தலைகாட்டும். ஜூன் கடைசியில் பொலோஞ்ஞாவின் ரிட்ரொவாட்டோ விழா. செப்டம்பர் வாக்கில் வெனிஸ். அக்டோபரில் லியோனின் லூமியே விழா. இந்த நாலு விழாக்களின் பட்டியலையும் ஆண்டுதோறும் பார்த்தால், அடுத்த சில ஆண்டுகளுக்கான டிஸ்க்குகளில் பெரும்பகுதியை முன்கூட்டியே பார்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை ஆண்டு என்பதுதான் சிக்கல். 1993இல் லண்டன் ஆய்வகத் தீயில் நெகட்டிவ் கருகிய, சத்யஜித் ராயின் ‘அபு’ வரிசைப் படங்கள் மூன்றும் மீட்டெடுக்கப்பட்டு 2015 மே மாதம் திரையரங்குக்கு வந்தன. டிஸ்க் அதே நவம்பரில். அந்த மீட்டெடுப்பில் கிரைட்டீரியன் தானே இறங்கியிருந்ததால் இவ்வளவு வேகம். எட்வர்ட் யாங்கின் ‘எ பிரைட்டர் சம்மர் டே’ 2009இல் மீட்கப்பட்டது, டிஸ்க் வந்தது 2016இல். உதய் சங்கரின் ‘கல்பனா’ 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டு, கிரைட்டீரியன் டிஸ்க்காக 2022இல்தான் கைக்கு வந்தது. லேபிளே காசு போட்ட மீட்டெடுப்பு என்றால் மாதக் கணக்கு. வேறு யாரோ செய்து முடித்து லேபிளுக்கு விற்க வேண்டியிருந்தால் ஆண்டுக் கணக்கு. நான் இதற்கு மேல் நுணுக்கமாகத் தேதி சொல்வதில்லை.

பெரிய ஸ்டுடியோக்களுக்கு ஆண்டு நிறைவு பிடிக்கும். 1942இன் ‘காசபிளாங்கா’ 2022இல் 4கேயாக வந்தது, கணக்குச் சரியாக 80. சிறிய லேபிள்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, உரிமமும் ஸ்கேனும் கைக்கு வந்த நாளே அவர்களுக்கு நல்ல நாள். ஸ்டுடியோக்கள் சில சமயம் படத்தை முதலில் பெரிய பாக்ஸ் செட்டில் மட்டும் தந்து, பிறகு தனியாகத் தருவார்கள். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 4கே 2020இல் பாக்ஸுக்குள் வந்து, 2022இல் தனி டிஸ்க்காகவும் வந்தது. ஒரு படத்துக்காக ஆறு படம் வாங்க மனமில்லை என்றால் பொறுப்பது நல்லது.

படி 6: துப்புகளைத் தரம் பிரியுங்கள்

நிறுவனத்தின் சொந்த அறிவிப்புக்கு அடுத்தபடியாக நான் நம்புவது பிரிட்டனின் பிபிஎஃப்சி தணிக்கைப் பதிவுகளை. அந்த நாட்டில் டிஸ்க் விற்கத் தணிக்கைச் சான்று வேண்டும், பதிவுகள் பொதுவில் இருக்கும். யார் சமர்ப்பித்தார்கள், திரையரங்குக்கா வீட்டுக்கா, ஓடும் நேரம் எவ்வளவு என்பதைப் பாருங்கள். ஓடும் நேரத்தில் ஒரு நுட்பம் உண்டு. பிரிட்டனின் பழைய டிவிடிகள் நொடிக்கு 25 ஃபிரேம் வேகத்தில் ஓடின, திரையரங்கில் 24. அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். பதிவில் 96 என்று இருந்தால் பழைய டிவிடிக்காகத் தயாரித்த மூலப் பிரதி என்று சந்தேகப்படலாம், 100 என்றால் ப்ளூரே என்று நம்பலாம். 112 என்று இருந்தால்? நிமிர்ந்து உட்காருங்கள், வேறு நீளமான பதிப்பு வரக்கூடும்.

ஓர் இயக்குநரோ விமர்சகரோ பேட்டியில் "போன மாதம் டிஸ்க்குக்கான கமெண்டரி பதிவு செய்தேன்" என்று வாய்தவறிச் சொல்வதும் உறுதியான துப்புதான். ஸ்ட்ரீமிங்கில் திடீரெனப் பளிச்சென்ற புதுப் பிரதி வந்தால் ஸ்கேன் தயார் என்று பொருள், டிஸ்க் தயார் என்று பொருளல்ல. கிரைட்டீரியன் பல ஆண்டுகளாக ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கிறுக்கல் ஓவியத்தில் வரப்போகும் படங்களைப் புதிராக வைக்கிறது. விடை கண்டுபிடிக்க ஜாலியாக இருக்கும், ஆனால் ஒரே கிறுக்கலுக்கு மூன்று படம் பொருந்தும். அதே நிறுவனம் மாதத்தின் நடுவில், 15ஆம் தேதி வாக்கில், மூன்று மாதம் கழித்து வரும் டிஸ்க்குகளை அறிவிக்கும். அந்த நாளுக்கு முந்தைய வாரம் வதந்திகள் பொங்கும். அப்போது எதையும் வாங்காமல் இருங்கள்.

விற்பனைத் தளங்களில் டிசம்பர் 31 என்ற தேதியோடு ஒரு படம் தென்பட்டால் அது இடத்தை நிரப்ப வைத்த தேதி. லேபிள் ஊழியரிடம் கேட்டு, அவர் "இதைப் பற்றிப் பேச முடியாது" என்றால் அதையும் துப்பாக எடுக்காதீர்கள். ஒப்பந்தம் பேசுகிறார்களோ இல்லையோ, அவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

படி 7: ஊகத்தை எழுதி வையுங்கள்

"விரைவில் வரும்" என்பது ஊகமே இல்லை. எந்த லேபிள், எந்த நாடு, எந்த வடிவம், எந்தக் காலத்துக்குள், ஏன், எது நடந்தால் பொய்க்கும் என்று எழுதுங்கள். ஒரு கற்பனைப் படத்துக்கு இப்படி இருக்கும்: ‘1960களின் பிரெஞ்சுப் படம். மூல நெகட்டிவிலிருந்து 4கே, சிஎன்சி நிதி. சென்ற ஆண்டு கான். அமெரிக்க மறுவெளியீடு ஜானஸ். ஆகவே கிரைட்டீரியன், 4கே, மறுவெளியீடு முடிந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள். பிரிட்டன் உரிமை வேறு லேபிளிடம் போனால் அங்கே முந்தலாம். இசை உரிமை தெரியவில்லை.’ ஆண்டு கழித்துப் படித்தால் எந்த வகைத் துப்பில் நீங்கள் ஏமாறுகிறீர்கள் என்று புரியும்.

படி 8: வாங்குவதா, பொறுப்பதா?

விற்பனை நிற்கப்போகிறது என்று லேபிளே அறிவித்தால் உடனே வாங்குங்கள். பழைய டிவிடி மட்டும் இருந்து, புது மீட்டெடுப்பு விழாக்களில் ஓடிவிட்டது என்றால் பொறுங்கள். டிவிடி மட்டும் இருந்து, உரிமையாளரும் தூங்குகிறார், விழாக்களிலும் பெயர் இல்லை என்றால் டிவிடியை வாங்கிப் படத்தைப் பாருங்கள். பார்ப்பதற்குத்தானே இவ்வளவும்.

வேறு நாட்டில் முதலில் வந்துவிட்டால் ரீஜனைப் பாருங்கள், அதாவது எந்தப் பகுதியின் பிளேயரில் அந்த டிஸ்க் ஓடும் என்ற பூட்டை. ப்ளூரேக்கு ஏ, பி, சி என்று மூன்று ரீஜன். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூரே பூட்டியிருக்கலாம், கூடுதல் பேட்டிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அறிவிப்பு வந்ததும் அட்டைப் படத்தைப் பார்த்து மயங்காமல் விவரக் குறிப்பைப் படியுங்கள். எந்தப் பதிப்பு, எந்த பிலிம், எத்தனை ஒலித் தடம், மோனோ ஒலி உண்டா என்பவை முக்கியம். நிறத்தைக் கண்டபடி மாற்றிவிட்டார்களா என்பது முதல் விமர்சனங்களும் ஃபிரேம் ஒப்பீடுகளும் வந்த பிறகுதான் தெரியும், ஆகவே மிகவும் குறைந்த எண்ணிக்கையில் அச்சிடும் பதிப்பாக இல்லாவிட்டால் ஒரு வாரம் பொறுக்கலாம். வாங்கிய டிஸ்க்கை அலமாரியில் வைப்பதற்கு முன் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் நல்ல லேபிள்கள் மாற்று டிஸ்க் அனுப்பும், ஆனால் அதற்குக் காலக்கெடு வைப்பார்கள். வாங்கிய ரசீதைப் பெட்டிக்குள்ளேயே மடித்து வையுங்கள்.